மேசையில் ஆட்டம் நிற்காமல் இருக்க எந்த அட்டைகளை அச்சிடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பாத்திரமேற்று மேசையில் ஆடும் கதை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்பை ஆடத் தொடங்கியிருக்கிறீர்கள். 2014 புத்தகங்கள் கையில் இருக்கின்றன. நீங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்), ஆடுபவர்கள் நான்கு பேர், அதில் மூவர் புதியவர்கள். சண்டை வந்தால் சுற்றுக்கு ஒருமுறை யாராவது புத்தகத்தைப் புரட்டுகிறார்கள், ஆட்டம் நின்றுவிடுகிறது. அச்சிட்டுக்கொள்ளும் குறிப்பு அட்டைகளில் எந்தத் தொகுப்பை எடுப்பது, என்ன அளவு, என்ன தாள், முன்பக்கமும் பின்பக்கமும் ஏன் பொருந்துவதில்லை, தமிழில் செய்யலாமா, செய்ததைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். தாளையும் அளவையும் பற்றிய பகுதிக்கு விடை எளிது, கீழே வருகிறது. எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மேசையில் ஒரு சந்தேகம் எழும்போது அதற்கான விடை, கேட்டவரின் கைக்கெட்டும் இடத்தில், ஒரு மூச்சில் படித்து முடிக்கும் அளவில் எப்படி இருக்கும்? அதை எந்த ஆயத்தத் தொகுப்பும் முழுதாகத் தீர்க்காது. உங்கள் ஆட்டம் எங்கெங்கே நிற்கிறது என்பதிலிருந்துதான் உங்கள் அட்டைகள் பிறக்க வேண்டும்.

அச்சுப் பக்க வடிவமைப்பு என் தொழில். மேசை ஆட்டங்களை நடத்துவது பல வருடப் பழக்கம். அளவு, தாள், எழுத்துரு பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். விதிகளைப் புத்தகத்தில் உள்ளபடி தருகிறேன். எத்தனை அட்டை போதும், எதை விட்டுவிடலாம் என்பவை என் மேசையில் பார்த்ததை வைத்து வந்த முடிவுகள், உங்கள் மேசையில் வேறாக இருக்கலாம். உரிமம் பற்றிய பகுதியை ஒரு வழக்கறிஞரின் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அச்சிடாமல் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஆட்டத்தின்போது ஒரு வெள்ளைத்தாளை அருகில் வைத்து, ஆட்டம் நின்ற ஒவ்வொரு இடத்தையும் எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள். புதியவர்கள் உள்ள மேசையில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, "என் டர்னில், அதாவது என் முறை வரும்போது, நான் என்னவெல்லாம் செய்யலாம்?" இரண்டு, "எனக்கு இப்போது விஷம் ஏறியிருக்கிறது, அதனால் என்ன ஆகும்?" மூன்று, "என் மந்திரம் எவ்வளவு தூரம் போகும், எத்தனை பகடை?" முதல் கேள்வி எல்லோருக்கும் எப்போதும் உரியது. இரண்டாவது யாருக்கு வேண்டுமானாலும் திடீரென்று வரும், போய்விடும். மூன்றாவது ஒருவருக்கு மட்டும் சொந்தமானது. இந்த மூன்றையும் ஒரே மாதிரி அட்டையாக அடிப்பதுதான் பல தொகுப்புகளின் குறை. நூறு அட்டை இருந்தாலும் வேண்டியதைத் தேட வேண்டும், தேடுவதென்றால் புத்தகமே போதும்.

இரண்டாவது வகையிலிருந்து தொடங்குகிறேன், அட்டை அதிகம் உதவுவது அங்கேதான். விஷம் ஏறுவது, கட்டுண்டு கிடப்பது போன்ற நிலைகளைக் கண்டிஷன் என்பார்கள், 2014 விதிகளில் அவை 15. ஒரு கண்டிஷன் அட்டை இரண்டு வேலை செய்கிறது: விதியைச் சொல்கிறது, அதோடு அது மேசையில் ஒருவர் முன்னால் கிடப்பதே "இது இன்னும் நடப்பில் இருக்கிறது" என்று எல்லோருக்கும் நினைவூட்டுகிறது. அரக்கன் வலை வீசியதும் நீங்கள் 'ரெஸ்ட்ரெய்ன்டு' (கட்டுண்ட நிலை) அட்டையை எடுத்து அந்த ஆட்டக்காரரின் கையில் கொடுக்கிறீர்கள். விடுபட்டதும் அவர் திருப்பித் தருகிறார். இரண்டு சுற்று கழித்து "ஐயோ, அவர் கட்டுண்டு இருந்தாரே, அட்டாக்கில் டிஸ்அட்வான்டேஜ் போட்டிருக்க வேண்டுமே" என்று யாரும் பதற வேண்டியதில்லை. (டிஸ்அட்வான்டேஜ் என்றால் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது, அட்வான்டேஜ் என்றால் பெரியதை எடுப்பது.) இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காகவே கண்டிஷன் அட்டைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில் பட்டியலாக அடித்தால் அந்தப் பலன் போய்விடும்.

அந்த அட்டையில் என்ன எழுதுவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புத்தகத்து வரிகளை அப்படியே நகலெடுத்தால் போதாது. நான் ஒவ்வொரு கண்டிஷன் அட்டையையும் மூன்று பகுதியாகப் பிரிக்கிறேன்: நீ செய்வதில் என்ன மாறும், உன்மீது நடப்பதில் என்ன மாறும், எப்போது முடியும். 'ரெஸ்ட்ரெய்ன்டு' என்றால் முதல் பகுதியில் வேகம் 0, உன் அட்டாக்கில் டிஸ்அட்வான்டேஜ், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவில், அதாவது ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடையில், டிஸ்அட்வான்டேஜ். இரண்டாம் பகுதியில் உன்னைத் தாக்குபவர்களுக்கு அட்வான்டேஜ். இப்படிப் பிரித்தால் ஆட்டக்காரர் தன் டர்னில் மேல் பாதியைப் பார்ப்பார், நீங்கள் அரக்கனின் டர்னில் கீழ்ப் பாதியைக் கேட்பீர்கள். மூன்றாவது பகுதியை அச்சிடாமல் வெற்றுக் கோடாக விடுங்கள். ஏனென்றால் எப்போது முடியும் என்பது பெரும்பாலும் கண்டிஷனைப் பொறுத்ததல்ல, அதை உண்டாக்கியதைப் பொறுத்தது. ஒரு மந்திரத்தால் வந்த பயம் டர்ன் முடிவில் சேவ் போட்டால் போகலாம், இன்னொன்று ஒரு நிமிடம் நீடிக்கலாம். அந்தக் கோட்டில் மார்க்கரால் "டர்ன் முடிவில் விஸ்டம் சேவ், 13 வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்களும் அதை மனதில் சுமக்க வேண்டாம்.

அடுத்தது, ஓர் அட்டை இன்னொரு அட்டையைப் பார்க்கச் சொல்லக் கூடாது. புத்தகத்தில் 'பாரலைஸ்டு' (முடங்கிய நிலை), 'ஸ்டன்டு' (திகைத்து நிற்கும் நிலை), 'அன்கான்ஷியஸ்' (நினைவிழந்த நிலை) எல்லாமே 'இன்கெபாசிடேட்டடு' (செயலிழந்த நிலை) என்ற இன்னொரு கண்டிஷனைச் சுட்டிவிட்டு நிற்கும். புத்தகத்துக்கு அது சிக்கனம், அட்டைக்கு அது தொல்லை. "ஆக்‌ஷன் இல்லை, ரியாக்‌ஷன் இல்லை" என்று ஒவ்வொன்றிலும் விரித்தே எழுதிவிடுங்கள். அதேபோல் ஒன்றுக்கொன்று நெருங்கிய கண்டிஷன்களில் வேறுபடும் வரியை மட்டும் தடித்த எழுத்தில் காட்டுங்கள். 'ஸ்டன்டு', 'பாரலைஸ்டு' இரண்டிலும் ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி சேவ் தானாகவே தோற்கும், தாக்குபவருக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். ஆனால் 5 அடிக்குள் இருந்து அடிபட்டால் அது கிரிட்டிகல் (சேதப் பகடை இருமடங்காகும் அடி) என்பது 'பாரலைஸ்டு'க்கு உண்டு, 'ஸ்டன்டு'க்கு இல்லை. ஒரு பாத்திரம் சாவதும் பிழைப்பதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மூன்றாவதாக, மக்கள் வழக்கமாகத் தவறாக எண்ணிக்கொள்வதை மறுத்தே எழுதுங்கள். 'பாய்சன்டு' (விஷம் ஏறிய நிலை) என்றால் அட்டாக் ரோலிலும் எபிலிட்டி செக்கிலும் (திறன் சோதனை) டிஸ்அட்வான்டேஜ். சேவிங் த்ரோவுக்கு (சேவ்) அது பொருந்தாது. ஆனால் மேசையில் பாதிப் பேர் சேவுக்கும் சேர்த்துப் போடுவார்கள். "சேவுக்கு இல்லை" என்ற இரண்டு சொல் ஒரு வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும். 'புரோன்' (தரையில் விழுந்து கிடக்கும் நிலை) அட்டையில் 5 அடிக்குள் இருந்து தாக்கினால் அட்வான்டேஜ், அதைவிடத் தூரத்திலிருந்து தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ் என்ற இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். எழுந்து நிற்க உன் வேகத்தில் பாதி செலவாகும் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும்.

எதைப் பதிவிறக்கினாலும் அது எந்த ஆண்டு விதிக்கானது என்று பார்த்துவிட்டு அச்சிடுங்கள். 2024இல் வந்த திருத்திய புத்தகமும் பேச்சுவழக்கில் 5ஆம் பதிப்பு என்றே குறிக்கப்படுவதால் இரண்டுக்குமான அட்டைகள் கலந்து கிடைக்கின்றன. 'எக்ஸாஸ்ஷன்' (களைப்பு) 2014இல் ஆறு படிகள், ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு தண்டனை. 2024இல் ஒவ்வொரு படிக்கும் டி20 (20 முகப் பகடை) சோதனைகளில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும், ஆறாவது படியில் மரணம் என்று ஒரே சீராக்கிவிட்டார்கள். காயம் ஆற்றும் 'கியூர் வூண்ட்ஸ்' மந்திரத்துக்குப் பழையதில் ஒரு டி8, புதியதில் இரண்டு டி8. எதிர்பாராத தாக்குதலில் சிக்கியவர் பழைய விதியில் முதல் டர்னில் நகரவோ ஆக்‌ஷன் எடுக்கவோ முடியாது, புதிய விதியில் இனிஷியேட்டிவில் (யார் முதலில் ஆடுவது என்ற உருட்டலில்) டிஸ்அட்வான்டேஜ் மட்டும்தான். உங்களிடம் இருப்பது 2014 புத்தகம் என்பதால் அட்டையின் மூலையில் சிறிய எழுத்தில் "2014" என்று போட்டுவையுங்கள். ஓராண்டு கழித்துப் புதிய புத்தகத்துக்கு மாறினால் எதைத் தூக்கிப் போட வேண்டும் என்பது அப்போது தெரியும்.

டர்ன் அட்டை ஆளுக்கு ஒன்று. அதில் நகர்தல், ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன், ரியாக்‌ஷன் என்ற நான்கு தலைப்பு போதும். ஆக்‌ஷனின் கீழே அட்டாக், மந்திரம், டேஷ், டிஸ்எங்கேஜ், டாட்ஜ், ஹெல்ப், ஹைட், ரெடி, சர்ச், பொருளைப் பயன்படுத்துதல் ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். புதியவர்களுக்கு டிஸ்எங்கேஜும் (விலகும்போது எதிரியிடம் அடி வாங்காமல் விலகுவது) ரெடியும் (ஒரு நிகழ்வுக்காகக் காத்திருந்து செய்வது)தான் நினைவில் நிற்பதில்லை, அவற்றுக்குக் கூடுதலாக ஒரு வரி கொடுங்கள். போனஸ் ஆக்‌ஷனுக்கு நேராக "ஏதாவது ஒரு திறனோ மந்திரமோ கொடுத்தால் மட்டும்" என்று எழுத மறக்க வேண்டாம். இந்த அட்டையின் பின்பக்கத்தில் உயிர் போகும் நேரத்துக் கணக்கு: டி20 உருட்டி 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, மூன்று சேர்ந்தால் நிலைபெறுவார். 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்ட்டோடு (உயிர்ப் புள்ளி) எழுவார். மந்திரம் போடுபவர்களுக்குக் கான்சென்ட்ரேஷன் (போட்ட மந்திரத்தை விடாமல் பிடித்திருப்பது) சேவ் 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரிதோ அது, என்ற வரியும் அங்கே வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். டர்ன் அட்டையைக் கையில் கொடுத்தால் புதியவர்கள் அதில் உள்ளதை மட்டுமே செய்வார்கள், சரவிளக்கில் தொங்கித் தாவுவது போன்றவை காணாமல் போகும் என்று அனுபவமுள்ள சில டிஎம்கள் வாதிடுவார்கள். அதில் உண்மை இருக்கிறது, முதல் சில ஆட்டங்களில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பவர் எதையும் செய்வதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அட்டையைக் கொடுக்கிறேன், அதன் கடைசி வரியில் "இதில் இல்லாத எதையும் டிஎம்மிடம் கேட்கலாம்" என்று எழுதுகிறேன். சிலருக்கு நான்கைந்து ஆட்டங்களுக்குப் பிறகு அட்டையே தேவைப்படாது, அப்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மந்திர அட்டைகளில் இப்போது தயார் செய்து வைத்திருப்பதை மட்டும் அச்சிடுங்கள். எண்கள் முதலில் வர வேண்டும்: தூரம், பரப்பு, சேவ், பகடை, எவ்வளவு நேரம், கான்சென்ட்ரேஷன் உண்டா. 'ஃபயர்பால்' என்றால் 150 அடி தூரம், 20 அடி ஆரம், டெக்ஸ்டெரிட்டி சேவ், 8 டி6, சேவ் வென்றால் பாதி. இவ்வளவும் இரண்டு வரியில் முடிந்துவிடும். சுருக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. நெருப்பு மூலை திரும்பிப் பரவும், யாரும் அணியாத, கையில் வைத்திராத எரியக்கூடிய பொருள்கள் பற்றிக்கொள்ளும் என்ற வரிகள் சுருக்கத்தில் உதிர்ந்துவிடும், சுவாரஸ்யமே பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. எண்களைப் பெரிதாகவும், அப்படிப்பட்ட ஓரிரு வரிகளைக் கீழே சிறிதாகவும், புத்தகப் பக்க எண்ணை மூலையிலும் வைப்பதே நான் கண்ட சமரசம்.

வேறு ஆட்டங்களுக்கு மாறினால் இந்தக் கணக்கு மாறும். 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்டும் அதன் வழிவந்தவையும் இரண்டு டி6 உருட்டி 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி என்று போகும். அங்கே ஆளுக்கு ஒரு தாள் போதும், அட்டை தேவையில்லை. ஃபேட் ஆட்டத்தில் வெற்று அட்டைகளும் பேனாவுமே கருவி. பாத்ஃபைண்டர் 2ஆம் பதிப்பில்தான் அட்டை இன்னும் கூடுதலாக உழைக்கும். அங்கே கண்டிஷன்களுக்கு எண் உண்டு. 'ஃப்ரைட்டன்டு 3' (பயம், அளவு 3) என்றால் டர்ன் முடிவில் 2 ஆகும், பிறகு 1. அந்த அட்டையின் நான்கு விளிம்பிலும் 4, 3, 2, 1 என்று அச்சிட்டு, டர்ன் முடியும்போது கால் வட்டம் திருப்பி வைத்தால் மேலே நிற்கும் எண்ணே நடப்பு மதிப்பு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எக்ஸாஸ்ஷனுக்கு இப்படி ஓர் அட்டையின் இரு பக்கத்தையும் பயன்படுத்தலாம்.

இனி அளவு. சாதாரணச் சீட்டுக்கட்டின் போக்கர் அளவு 63 × 88 மில்லிமீட்டர். அதையே எடுத்துக்கொள்ளுங்கள், காரணம் பிளாஸ்டிக் ஸ்லீவ்கள் அந்த அளவுக்கு எளிதில் கிடைக்கும். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று ஒன்பது அட்டை வைத்தால் 189 × 264 ஆகிறது. பக்கவாட்டில் பத்தரை மில்லிமீட்டர், மேலும் கீழும் பதினாறரை மில்லிமீட்டர் மிஞ்சும், எந்தப் பிரிண்டருக்கும் அது போதும். அட்டைகளை இடைவெளி விடாமல் ஒட்டியே வைத்தால் ஒரே வெட்டில் இரண்டு ஓரம் கிடைக்கும், ஆனால் பின்னணி நிறம் இருந்தால் அடுத்த அட்டையின் நிறம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அதனால் ஓரங்களை வெள்ளையாக விடுவதே வீட்டில் அச்சிடுபவருக்கு நல்லது. டிஎம் பார்க்கும் குறிப்புகளுக்கு மட்டும் ஏ6 எடுங்கள், ஏ4 ஒன்றில் நான்கு வரும். கவர் (மறைப்பு) பாதி என்றால் +2, முக்கால் என்றால் +5, சோதனைகளின் கடின அளவு எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20 ஆகியவை அங்கே இருக்கட்டும்.

பதிவிறக்கிய தொகுப்புகள் பெரும்பாலும் அமெரிக்க லெட்டர் தாளுக்காகச் செய்தவை, அது 216 × 279 மில்லிமீட்டர். பிரிண்ட் செய்யும் பெட்டியில் "ஃபிட் டு பேஜ்" தேர்வாகி இருந்தால் பிரிண்டர் பக்கத்தைச் சுருக்கும். மூன்று சதவீதம் சுருங்கினாலே 88 மில்லிமீட்டர் 85 ஆகிவிடும், ஸ்லீவுக்குள் அட்டை ஆடும். "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்று வைத்து, பக்கத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று வரைந்து, ஒரு தாள் அச்சிட்டதும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அட்டைகள் அளவு மாறி வருவதில் பெரும்பங்கு இந்த ஒரு பெட்டியால்தான்.

முன்பின் பொருந்தாததற்கு உங்கள் மேல் குற்றமில்லை. இருபுறம் அச்சிடும்போது வீட்டுப் பிரிண்டர் தாளை மறுபடி இழுக்கையில் ஓரிரு மில்லிமீட்டர் விலகுவது இயல்பு. அதைக் குறைக்கலாமே தவிர முழுதாக ஒழிக்க முடியாது. நெடுவிளிம்பில் திருப்பும்போது இடது வரிசை வலதுக்குப் போகும் என்பதால் பின்பக்கத்தின் அட்டை வரிசையை இடவலமாக மாற்றி அடுக்க வேண்டும், மந்திரத்தின் தொடர்ச்சி தவறான அட்டையில் விழுவது இதனால்தான். பின்பக்கத்துக்கு ஓரச்சட்டம் போடாதீர்கள். சட்டம் இல்லாவிட்டால் விலகல் கண்ணில் படாது. இன்னொரு வழி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தாளின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சிட்டு, நடுவே மழுங்கிய முனையால் அழுத்திக் கோடிட்டு, மடித்து ஒட்டுவது. விலகல் சிக்கல் அதில் மிகக் குறைவு, அட்டை இருமடங்கு கனமாகவும் ஆகும்.

தாள் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சாதாரணத் தாளில் ஒருபுறம் அச்சிட்டு, வெட்டி, ஒரு பழைய சீட்டின் முன்னால் வைத்து ஸ்லீவில் செருகுங்கள். விறைப்பைச் சீட்டு கொடுக்கும், பாதுகாப்பை ஸ்லீவ் கொடுக்கும், பின்பக்கப் பிரச்சினையே இல்லை. விதி மாறினால் தாளை மட்டும் மாற்றலாம். தனியாக நிற்கும் அட்டை வேண்டுமென்றால் 200 முதல் 300 ஜிஎஸ்எம் வரை நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் பிரிண்டர் எவ்வளவு கனத்தை இழுக்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பின்பக்கத் தட்டு வழியாக நேராகப் போகும் பாதை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். லாமினேஷனைப் பலர் விரும்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு: விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துப் படிக்க விடாது, அடுக்கினால் வழுக்கும், தவறு கண்டால் முழு அட்டையும் வீண். எல்லோரும் கையாளும் டர்ன் அட்டைக்கு மட்டும் செய்யலாம். அப்போது ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டுங்கள், தாளை ஒட்டி வெட்டினால் ஓரம் பிரிந்துகொள்ளும். ஸ்லீவின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி அழிக்கலாம், அழிக்காமல் நாள்கணக்கில் விட்டால் கறை படியும். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். ஸ்டீல் ஸ்கேலும் கூர்மையான பிளேடு கத்தியும் வைத்து, ஓரங்களை எல்லாம் ஒரே போக்கில் வெட்டுங்கள்.

தமிழில் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம், இரண்டு விஷயத்தைக் கவனித்தால் போதும். முதலாவது இடம். ஆங்கிலத்தில் 8 புள்ளி எழுத்து அட்டையில் படிக்கக் கிடைக்கும், தமிழுக்கு அது போதாது. கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் 9.5 அல்லது 10 புள்ளியும், வரி இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் வேண்டும். ஓரம் போக 53 மில்லிமீட்டர் அகலத்தில் நான்கைந்து சொல்தான் ஒரு வரிக்கு வரும். இருபுறமும் சமப்படுத்தினால் நீண்ட சொற்களால் வரிகளில் பெரிய ஓட்டைகள் விழும், எனவே இடதுபுறம் மட்டும் சீராக வையுங்கள். அட்டைக்கு முப்பது முப்பத்தைந்து சொல்லுக்கு மேல் எழுத முயலாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரன் ஆகிய எழுத்துருக்கள் இலவசம், சிறிய அளவிலும் தெளிவாக நிற்கும். கண்டிஷனின் பெயரை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே வைத்து விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், புத்தகத்தில் தேட வேண்டி வந்தால் அதுதான் வழி காட்டும்.

இரண்டாவது மென்பொருள். "கொ" என்று தட்டச்சிட்டு, கொம்பு ககரத்துக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். பின்னால் வந்தாலோ வட்டமிட்ட புள்ளி தெரிந்தாலோ அந்த மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியாது. இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசை தமிழுக்கு உதவாது, 1.6 வரிசை உதவும். லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப் இரண்டிலும் சிக்கல் இல்லை. அட்டைகள் அதிகம் என்றால் தகவல்களை ஓர் அட்டவணையில் வைத்து, எச்டிஎம்எல் பக்கமாக உருவாக்கி, பிரவுசரிலிருந்து பிடிஎஃப் எடுப்பதே எனக்குப் பிடித்த வழி. ஒரு விதியைத் திருத்தினால் அட்டவணையில் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். படமாக ஏற்றுமதி செய்ய நேர்ந்தால் 300 டிபிஐயில் 744 × 1039 பிக்சல் வேண்டும், அதற்குக் குறைந்தால் சிறிய தமிழ் எழுத்தின் புள்ளிகள் மங்கிவிடும். நிறத்தை மட்டும் நம்பி வகை பிரிக்காதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர் மேசையில் இருக்கலாம், மூலையில் ஒரு சின்னமும் சேருங்கள்.

பகிர்வது பற்றி. உங்கள் மேசைக்காக அச்சிட்டுக்கொள்வதும் ஒரு கோப்பைப் பொதுவில் வைப்பதும் வேறு வேறு. 5ஆம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 பெயர் குறிப்பிடல் உரிமத்தில் கிடைக்கிறது. 2024 விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2, 2025இல் அதே உரிமத்தில் வந்தது. அதில் உள்ளதை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை, அந்த ஆவணத்திலேயே கொடுத்திருக்கும் குறிப்பு வாசகத்தைச் சேர்ப்பதும், மாற்றியிருந்தால் அதைச் சொல்வதும். கண்டிஷன்கள் அனைத்தும் அதில் உண்டு. ஆனால் புத்தகத்தில் உள்ள எல்லாமும் அதில் இல்லை: ஒவ்வொரு கிளாஸுக்கும் (பாத்திரத்தின் தொழில் வகை) ஒரே ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு)தான், மந்திரங்களிலும் சில விடுபட்டவை. எஸ்ஆர்டியில் இல்லாத வாசகத்தை நகலெடுத்துப் பொதுவில் வைக்காதீர்கள், ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் லோகோவையும் போடாதீர்கள். விதியின் இயக்கம் வேறு, அதை எழுதிய வாசகம் வேறு, காப்புரிமை வாசகத்துக்குத்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அந்தக் கோட்டை உங்கள் நாட்டுச் சட்டம் எங்கே போடுகிறது என்பதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். சின்னங்களுக்கு கேம் ஐகான்ஸ் தளத்தில் உள்ளவை பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் 3.0 பெயர் குறிப்பிடல் உரிமத்தில் இருக்கின்றன, வரைந்தவர் பெயரை ஒரு வரியில் போட்டால் போதும்.

உங்கள் நான்கு பேருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டர்ன் அட்டை நான்கு. 'பாய்சன்டு', 'புரோன்', 'ரெஸ்ட்ரெய்ன்டு', 'கிராப்பிள்டு' (பிடிபட்ட நிலை), 'ஃப்ரைட்டன்டு', 'அன்கான்ஷியஸ்' ஆகிய ஆறும் முதலில் அடிக்கடி வருபவை. ஒரே நேரத்தில் இருவருக்கு வரும் என்பதால் இரண்டிரண்டு, ஆக 12. உங்கள் குழுவில் ஒரு விசார்டும் (மந்திரவாதி) ஒரு கிளெரிக்கும் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்) இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், முதல் லெவலில் மந்திரத்துக்கான முக்கியத் திறன் மதிப்பு 16 உள்ள விசார்டுக்கு மூன்று கேன்ட்ரிப்பும் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரம்) நான்கு மந்திரமும் சேர்ந்து ஏழு. அதே மதிப்புள்ள கிளெரிக்குக்கு மூன்று கேன்ட்ரிப், நான்கு மந்திரம், அவர் தேர்ந்த டொமெயின் (தெய்வத் துறை) தருவது இரண்டு, ஆக ஒன்பது. மொத்தம் 32 அட்டை, நான்கு ஏ4 தாளில் 36 இடம். மிஞ்சும் நான்கு இடத்தில் சட்டத்தையும் மூன்று பகுதித் தலைப்பையும் மட்டும் அச்சிட்டு வெறுமனே விடுங்கள். அடுத்த ஆட்டத்தில் எந்தக் கேள்வி உங்களை நிறுத்துகிறதோ, அதைப் பேனாவால் அந்த அட்டைகளில் எழுதிக்கொள்ளலாம்.